"மேக்க தள்ளி வை": நம்ம மூளைக்குள்ள இருக்கிற திசைகாட்டியைக் கண்டுபிடிச்ச கதை

1.
இன்னைக்கு கொஞ்சம் நீளமான த்ரெட். டீயை எடுத்து வச்சுட்டு உக்காந்து படிங்க.

முதல்ல ஒரு சின்ன சோதனை. நீங்க இப்ப உக்காந்திருக்கிற இடத்துல இருந்து வடக்கு எந்தப் பக்கம்? யோசிக்காம கையை நீட்டிக் காட்டுங்க.

சென்னையில அஞ்சாவது மாடி ஃபிளாட்டுக்குள்ள இருக்கிறவங்க கொஞ்சம் தடுமாறலாம். எங்க வாசுதேவநல்லூர்ல யாரைக் கேட்டாலும் பட்டுனு காட்டுவாங்க. காரணம் ரொம்ப எளிது. ஊருக்கு மேற்கே மலை. சிவகிரியில இருந்து புளியங்குடி வரைக்கும் மெயின் ரோட்டுல எங்க நின்னாலும் மேற்குத் தொடர்ச்சி மலை கண்ணுல படும். மலை தெரிஞ்சா மேற்கு தெரியும். மேற்கு தெரிஞ்சா மத்த மூணு திசையும் தானா வந்து நிக்கும்.

2.
எங்க பக்கத்துப் பேச்சையே கவனிச்சுப் பாருங்க. "கொஞ்சம் தெக்க தள்ளி உக்காருய்யா", "அந்தக் குடத்தை மேக்க நகட்டி வை", "வடக்க பாத்த வீடு". ஒரு முழம் தூரத்துல இருக்கிற குடத்தை நகர்த்துறதுக்குக் கூட உலகத்தோட திசை தேவைப்படுது. இடது பக்கம், வலது பக்கம்னு பெரியவங்க அவ்வளவா பேசவே மாட்டாங்க.

இந்த வார்த்தைகள்லயே மலை ஒளிஞ்சிருக்கு. மேற்கு என்பது "மேல்" என்பதோட சேர்ந்த சொல். கிழக்கு "கீழ்" என்பதோட சேர்ந்தது. மேற்கே மலை, கிழக்கே கடல், நடுவுல சரிஞ்சு இறங்குற நிலம். நம்ம திருநெல்வேலிச் சீமையில இடையன்குடியில வாழ்ந்த கால்டுவெல், 1856ல வெளிவந்த தன்னோட ஒப்பிலக்கண நூல்ல இதைப் பத்திப் பேசியிருக்காரு. நிலத்தோட சரிவே திசைக்குப் பேராகிப் போச்சு.

3.
இதை மொழி ஆராய்ச்சியாளர்களும் விட்டு வைக்கல. 1990களின் தொடக்கத்துல எரிக் பெடர்சன் என்கிற ஆராய்ச்சியாளர் தமிழ் பேசுறவங்ககிட்ட இதைச் சோதிச்சுப் பார்த்தார். நெதர்லாந்துல நைமேகன் நகரத்துல இருக்கிற மாக்ஸ் பிளாங்க் உளமொழியியல் நிறுவனத்தோட பெரிய ஆய்வுத் திட்டத்துல இதுவும் ஒரு பகுதி.

சோதனை இப்படி: ஒரு மேஜை மேல பொம்மை மிருகங்களை வரிசையா ஒரே பக்கம் பாத்து நிறுத்துவாங்க. அதை நல்லா ஞாபகம் வச்சுக்கச் சொல்வாங்க. அப்புறம் உங்களை அப்படியே திருப்பி, பின்னாடி இருக்கிற இன்னொரு மேஜையில "அதே மாதிரி" அடுக்கச் சொல்வாங்க.

இப்ப எது "அதே மாதிரி"? மிருகங்கள் வடக்கு பாத்து நின்னுச்சுன்னு ஞாபகம் வச்சிருந்தா, நீங்க திரும்பினாலும் அதை வடக்கு பாத்துதான் வைப்பீங்க. என் வலது கைப்பக்கம் பாத்து நின்னுச்சுன்னு ஞாபகம் வச்சிருந்தா, இப்பவும் வலது கைப்பக்கம் பாத்து வைப்பீங்க. ஆனா அது தெற்கு!

4.
ஒரே தமிழ்தான் பேசுறாங்க. ஆனா கிராமத்துல திசை வச்சுப் பேசிப் பழகினவங்க பெரும்பாலும் திசை மாறாம அடுக்கினாங்க. நகரத்துல இடது வலது சொல்லிப் பழகினவங்க பெரும்பாலும் தன் உடம்பை வச்சு அடுக்கினாங்க. இது 1990கள்ல ஆய்விதழ்கள்ல வெளிவந்துச்சு.

இதுக்கு எதிர்ப்பும் வந்துச்சு. 2002ல பெக்கி லி, லைலா கிளைட்மன் ரெண்டு பேரும், "பேச்சு மட்டும் காரணம் இல்ல. பக்கத்துல கண்ணுக்குத் தெரியுற அடையாளம் இருந்தா, அமெரிக்க மாணவர்களே திசை மாறாம அடுக்குறாங்க"னு காட்டினாங்க. மொழியா, சுற்றுப்புறமா என்கிற அந்தச் சண்டை இன்னும் ஓயல.

ஒரு டாக்டரா எனக்கு இதுல இருக்கிற கேள்வி வேற. மொழியோ மலையோ, எதுவா இருந்தாலும் தலைக்குள்ள திசையைப் பிடிச்சு வச்சுக்கிறது எது? அதுக்குன்னு தனியா ஒரு இடம் மூளையில இருக்கா? இருக்கு. அதைக் கண்டுபிடிக்கத்தான் கிட்டத்தட்ட அறுபது வருஷம் ஆச்சு. அந்தக் கதைக்கு வருவோம்.

5.
1940கள். அமெரிக்காவுல எலி வச்சு ஆராய்ச்சி பண்ண உளவியல்காரங்க பெரும்பாலும் ஒரே கட்சி. "எலி வழி கத்துக்கிறதுன்னா என்ன? இடது திரும்பினா சாப்பாடு கிடைச்சுது, அதனால அடுத்த தடவையும் இடது திரும்புது. பழக்கம், அவ்வளவுதான். மனசுல வரைபடம், அது இதுன்னு கதை விடாதீங்க" என்பது அவங்க வாதம்.

கலிஃபோர்னியா பெர்க்லியில இருந்த எட்வர்ட் டோல்மன் இதை ஏத்துக்கல. அவரும் கூட்டாளிகளும் 1946ல ஒரு சோதனையை வெளியிட்டாங்க. எலியைச் சுத்தி வளைச்சுப் போற ஒரு பாதையில சாப்பாட்டுக்குப் போகப் பழக்கினாங்க. பிறகு அந்தப் பாதையை அடைச்சுட்டு, சூரியனோட கதிர் மாதிரி நாலா பக்கமும் புதுப் பாதைகளைத் திறந்து விட்டாங்க.

பழக்கம் மட்டும்தான்னா, எலி பழைய பாதையை ஒட்டி இருக்கிற வழியில போயிருக்கணும். ஆனா எலிகள் அதிகமா எடுத்தது, சாப்பாடு இருந்த இடத்தை நோக்கி நேரா போற பாதையை! ஒரு தடவை கூட நடந்தே பார்க்காத பாதை அது.

6.
1948ல டோல்மன் எழுதின கட்டுரையில இதுக்கு ஒரு பேர் வச்சார். அறிவு வரைபடம். எலியோட தலைக்குள்ள ஊர்ப்படம் இருக்குன்னார்.

நல்லாத்தான் இருந்துச்சு. ஆனா மூளையில எங்கே? அது அவருக்கே தெரியாது. அந்தக் காலத்துல மூளையைப் பிரிச்சுப் பார்த்து "இதோ இங்க"னு காட்ட வழியும் இல்ல. வழி ஒரு பரிதாபமான கதையில இருந்து திறந்துச்சு.

7.
ஹென்றி மொலைசன். அமெரிக்காவுல கனெக்டிகட் மாநிலத்துக்காரர். எந்த மருந்துக்கும் அடங்காத வலிப்பு. 1953 ஆகஸ்டுல, அவருக்கு 27 வயசா இருக்கும்போது, வில்லியம் ஸ்கோவில் என்கிற அறுவை மருத்துவர் அவரோட மூளையில ரெண்டு பக்கப் பொட்டுக்கும் உள்ளே இருக்கிற பகுதியில ஒரு பாகத்தை எடுத்துட்டார். ஹிப்போகாம்பஸ் என்கிற பகுதியோட பெரும்பாகம் அதோட போச்சு. அது கடல்குதிரை மாதிரி வளைஞ்சிருக்கும், அதனாலதான் அந்தப் பேர்.

வலிப்பு வெகுவா குறைஞ்சுது. ஆனா புதுசா எதையும் ஞாபகம் வச்சுக்க முடியாமப் போச்சு. இப்ப பேசினது அஞ்சு நிமிஷத்துல மறந்து போகும்.

8.
எல்லாரும் இவரை "ஞாபகம் போனவர்"னு மட்டும்தான் சொல்வாங்க. 1957ல ஸ்கோவிலும் பிரெண்டா மில்னரும் சேர்ந்து எழுதின கட்டுரையில இன்னொரு வரி இருக்கு. அவரோட குடும்பம் அதே தெருவுல கொஞ்ச தூரம் தள்ளி வேற வீட்டுக்குக் குடி போச்சு. பத்து மாசம் ஆச்சு. பழைய வீட்டு முகவரி மொலைசனுக்கு அப்படியே ஞாபகம் இருக்கு. புது வீட்டு முகவரி தெரியல. தனியா வெளிய விட்டா வீடு திரும்புவார்னு நம்ப முடியாது.

தெரு அதேதான். கண் தெரியுது, கால் நடக்குது, அறிவும் குறையல. ஆனா வீடு எங்கேன்னு மூளைக்குத் தெரியல. இதை மனசுல வச்சுக்கோங்க, கடைசியில இங்கதான் திரும்ப வரப் போறோம்.

9.
அடுத்தது லண்டன், 1971. யுனிவர்சிட்டி காலேஜ்ல ஜான் ஓ'கீஃப், தன் மாணவர் ஜொனாதன் டொஸ்ட்ரோவ்ஸ்கியோட சேர்ந்து எலியோட ஹிப்போகாம்பஸுக்குள்ள தலைமுடி மாதிரி மெல்லிசான கம்பியை இறக்கி, ஒவ்வொரு நரம்பு செல்லும் எப்போ துடிக்குதுன்னு கேட்டுட்டு இருந்தார். எலி மயக்கத்துல இல்ல. அது பாட்டுக்கு மேடையில ஓடித் திரியுது.

ஒரு செல், எலி மேடையோட ஒரு குறிப்பிட்ட பகுதிக்கு வரும்போது மட்டும் படபடன்னு துடிச்சுது. அங்க இருந்து நகர்ந்தா அமைதி. வேறொரு செல்லுக்கு வேறொரு இடம். அந்த முதல் கட்டுரையில 76 செல்கள்ல 8 செல்கள் இப்படி இருந்துச்சு. வெறும் எட்டு!

இதுக்கு இடச் செல்கள்னு பேர். நம்ம ஊர்க் கணக்குல சொல்லணும்னா, பஸ் ஸ்டாண்டுக்கு ஒரு கூட்டம் செல், தேரடிக்கு ஒரு கூட்டம் செல், ரேஷன் கடைக்கு ஒரு கூட்டம் செல். நீங்க எங்க நிக்கிறீங்களோ அந்தக் கூட்டம் கையைத் தூக்கும்.

10.
உடனே கைதட்டல் கிடைச்சுதுன்னு நினைக்காதீங்க. பல பேர் நம்பல. "அங்க ஏதோ வாசம் அடிச்சிருக்கும்"னாங்க. ஓ'கீஃப் விளக்கை அணைச்சுப் பார்த்தார், சுத்தி இருக்கிற பொருள்களை மாத்திப் பார்த்தார். செல்கள் ஒரே ஒரு பொருளுக்குத் துடிக்கல, இடத்துக்குத்தான் துடிச்சுது. 1978ல லின் நாடலோட சேர்ந்து 500 பக்கத்துக்கு மேல ஒரு புத்தகமே எழுதினார். ஹிப்போகாம்பஸ்தான் டோல்மன் சொன்ன அறிவு வரைபடம் என்பதுதான் அந்தப் புத்தகத்தோட வாதம்.

ஆனா ஊர்ப்படம் கையில இருந்தா மட்டும் போதுமா? வடக்கு எதுன்னு தெரியாம படத்தை வச்சு என்ன பண்றது?

11.
அந்த விடை 1984ல நியூயார்க் புரூக்ளின்ல கிடைச்சுது. ஜேம்ஸ் ராங்க் என்கிறவர் ஹிப்போகாம்பஸுக்குப் பக்கத்துப் பகுதியில ஒரு வகை செல்லைப் பார்த்தார். எலி எங்க நின்னாலும் அந்த செல்லுக்குக் கவலை இல்ல. எலியோட தலை எந்தத் திசை பாத்திருக்கு என்பதுதான் அதுக்குக் கணக்கு. தலை ஒரு திசைக்கு நேரா வந்தா துடிக்கும், தலையைத் திருப்பினா அடங்கும். ஜெஃப்ரி டாப், ராபர்ட் முல்லர், ராங்க் மூணு பேரும் 1990ல இதை விரிவா வெளியிட்டாங்க. பேரு, தலைத்திசைச் செல்கள். இதுதான் நான் தலைப்புல சொன்ன திசைகாட்டி.

12.
இப்ப கவனிங்க, எங்க ஊர் மலை இங்கதான் வருது.

எலியை ஒரு வட்டத் தொட்டிக்குள்ள விட்டு, சுவத்துல ஒரே ஒரு வெள்ளை அட்டை ஒட்டியிருந்தாங்க. எலிக்கு அந்தத் தொட்டியில கண்ணுக்குத் தெரியுற அடையாளம் அது மட்டும்தான். எலியை வெளிய எடுத்துட்டு, அட்டையை 90 டிகிரி நகர்த்தி ஒட்டிட்டுத் திரும்ப விட்டா, செல்லோட திசையும் ஏறத்தாழ அதே அளவு நகர்ந்து போச்சு. அப்போ இது காந்த ஊசி கிடையாது. பூமியோட வடக்கைப் பத்தி அதுக்கு அக்கறை இல்ல. தூரத்துல அசையாம நிக்கிற ஒரு அடையாளத்துல தன்னைக் கட்டிப் போட்டுக்குது. அந்த எலிக்கு வெள்ளை அட்டை. நமக்கு மலை.

விளக்கை அணைச்சாலும் கொஞ்ச நேரத்துக்கு அது சரியாவே வேலை செய்யும். அதுக்கு உதவுறது உள்காதுல இருக்கிற அரைவட்டக் குழாய்கள். தலை எவ்வளவு திரும்புச்சுன்னு அதுங்க கணக்குச் சொல்லும். எலியோட உள்காதைச் செயலிழக்க வச்சா இந்தத் திசைக் குறிப்பே குலைஞ்சு போகுது.

ராத்திரி பஸ்ல தூங்கி, விடிஞ்சு எழுந்து பாத்தா கிழக்கு மேற்கா தெரியுமே, ஞாபகம் இருக்கா? தூக்கத்துல கணக்கு விட்டுப் போச்சு, கட்டிப் போட அடையாளமும் கண்ணுல படல. தெரிஞ்ச கோபுரமோ மலையோ கண்ணுல பட்ட உடனே உலகமே சட்டுனு திரும்பி நேராகும்.

13.
எலிக்குத்தான் இதுன்னு நினைக்காதீங்க. வாழைப்பழத்து மேல மொய்க்குமே சின்ன பழ ஈ, அதோட மூளையில நரம்பு செல்கள் ஒன்றரை லட்சம் கூட கிடையாது. 2015ல அமெரிக்காவுல ஜனேலியா ஆய்வு மையத்துல யோஹான்னஸ் சீலிக், விவேக் ஜெயராமன் ரெண்டு பேரும் அதோட மூளைக்குள்ள நடக்கிறதை நேராவே படம் பிடிச்சாங்க.

ஈயை ஒரு சின்னப் பந்து மேல நடக்க விட்டு, சுத்திலும் திரை வச்சாங்க. ஈயோட மூளை நடுவுல மோதிரம் மாதிரி ஒரு பகுதி இருக்கு. ஈ திரும்பத் திரும்ப, அந்த மோதிரத்துல ஒரு ஒளிப்பொட்டு கடிகார முள் மாதிரி சுத்திச்சு! இருட்டுல கூட சுத்திச்சு. திசைகாட்டின்னு நாம உவமைக்குத்தான் சொன்னோம். ஈக்குள்ள வடிவமே அப்படித்தான் இருக்கு.

14.
படம் இருக்கு, திசைகாட்டி இருக்கு. இன்னொன்னு குறையுது, அளவுகோல். எவ்வளவு தூரம் வந்தோம்னு எப்படித் தெரியும்?

நார்வேயில ட்ரொன்ட்ஹெய்ம் நகரத்துல மே-பிரிட் மோசர், எட்வர்ட் மோசர், அவங்க மாணவர்கள். ஹிப்போகாம்பஸுக்கு வாசப்படி மாதிரி இருக்கிற எண்டோரைனல் கார்டெக்ஸ் என்கிற பகுதியில தேடினாங்க. 2005ல வெளியிட்டாங்க. அங்க ஒரு செல், ஒரு இடத்துல மட்டும் துடிக்கல. பல இடத்துல துடிச்சுது. அந்த இடங்களையெல்லாம் தரையில புள்ளியா குறிச்சுப் பாத்தா, ஒரு கோலம்!

15.
சும்மா சொல்லல. நம்ம வீட்டுப் பெண்களுக்கு நேர்ப்புள்ளிக் கோலம் தெரியும், இடைப்புள்ளிக் கோலம் தெரியும். 15 புள்ளி வச்சு, ரெண்டு புள்ளிக்கு நடுவுல அடுத்த வரிசைப் புள்ளி விழுற மாதிரி ரெண்டு பக்கமும் குறைச்சுக்கிட்டே வந்து 8ல நிறுத்தினா அறுகோணம் வரும் பாருங்க, அந்த இடைப்புள்ளி அமைப்பேதான் எலியோட மூளைக்குள்ள இருந்துச்சு. எலி ஓடுற தரை பூரா கண்ணுக்குத் தெரியாத இடைப்புள்ளிகள், ஒவ்வொரு புள்ளியைத் தாண்டும்போதும் அந்த செல் துடிக்கும். பக்கத்து செல்லுக்கு அதே கோலம்தான், புள்ளி மட்டும் கொஞ்சம் தள்ளி விழும்.

தரையில புள்ளி கிடையாது. யாரும் வச்சுக் கொடுக்கல. மூளையே வச்சுக்குது. இதுக்கு கிரிட் செல்கள்னு பேர். அப்புறம் 2008ல சுவர், விளிம்பு பக்கம் வந்தா துடிக்கிற எல்லைச் செல்களும் கிடைச்சுது.

2014ல மருத்துவத்துக்கான நோபல் பரிசு. பாதி ஓ'கீஃபுக்கு, மீதிப் பாதி மோசர்கள் ரெண்டு பேருக்கும். எட்டு செல்லைக் காட்டினதுக்கு அப்புறம் 43 வருஷம் கழிச்சு!

16.
நம்ம நாட்டுப் பங்கும் சொல்லணும். இப்ப பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்துல இருக்கிற சச்சின் தேஷ்முக், அமெரிக்காவுல ஜேம்ஸ் நீரிமோட வேலை செஞ்சப்போ, 2013ல ஒரு விஷயத்தை வெளியிட்டார். ஹிப்போகாம்பஸ்ல சில செல்கள், ஒரு பொருள்ல இருந்து இந்தத் திசையில, இத்தனை தூரத்துல எலி இருந்தாத்தான் துடிக்குது. அதே மாதிரி பொருள் ரெண்டு மூணு இருந்தா, ஒவ்வொன்னுக்கும் அதே திசை, அதே தூரத்துல துடிக்குது.

"ஆலமரத்துக்கு தெக்க பத்தடி தள்ளி"னு கிராமத்துல வழி சொல்ற முறைதான் இது. நாம வாயால சொல்றதை எலியோட செல் துடிச்சுச் சொல்லுது.

17.
ஆய்வுக்கூடத்துச் சின்ன தொட்டிக்குள்ள பாத்ததெல்லாம் வெட்டவெளிக்குப் பொருந்துமா? இஸ்ரேல்ல நாகும் உலனோவ்ஸ்கி குழு பழந்தின்னி வவ்வால்களை வச்சு இதைத்தான் துரத்திட்டு இருந்தாங்க. பறக்கிற வவ்வாலுக்கு இடச் செல்கள் மேல கீழன்னு முப்பரிமாணத்துலயும் வேலை செய்யுதுன்னு 2013ல காட்டினாங்க. 2025ல தான்சானியா கடற்கரைக்கு அப்பால இருக்கிற லாதம் என்கிற ஆளில்லாத தீவுக்கே வவ்வால்களைக் கொண்டு போய், வெளிய பறக்கும்போதே செல்களைப் பதிவு பண்ணினதை வெளியிட்டாங்க. தீவு பூரா ஒரே திசைக் கணக்கு. நிலா இருந்தாலும் இல்லாட்டியும் மாறல. முதல் சில ராத்திரிகள்ல தடுமாறி, தீவு பழகப் பழகத்தான் நிலைச்சுது.

அதாவது திசை அறிவு பிறவிச் சொத்து மட்டும் இல்ல. கருவி பிறவியில வருது, ஊர் பழகினாத்தான் அது நேராகுது.

18.
சரி டாக்டர், மனுஷனுக்கு? வலிப்பு சிகிச்சைக்காக மூளையில மின்கம்பி வச்சிருந்த நோயாளிகள், சம்மதத்தோட கம்ப்யூட்டர்ல டாக்ஸி ஓட்டுற விளையாட்டு ஆடினாங்க. 2003ல மனித மூளையிலயும் இடச் செல்கள் மாதிரி செல்கள் இருக்குன்னு தெரிஞ்சுது. 2013ல கிரிட் செல்களும்.

லண்டன்ல டாக்ஸி லைசென்ஸ் வாங்கணும்னா சுமார் 25,000 தெருக்களை மனப்பாடமா ஓட்டத் தெரியணும். எலினார் மக்வைர் 2000ல அவங்க மூளையை ஸ்கேன் பண்ணிப் பாத்தாங்க. ஹிப்போகாம்பஸோட பின்பகுதி மத்தவங்களை விட பெருசு. பிறக்கும்போதே பெருசா இருந்ததால டிரைவர் ஆனாங்களா? அதையும் விடல. 79 பேர் படிக்க ஆரம்பிக்கும்போதே ஸ்கேன் எடுத்து, வருஷக்கணக்கா காத்திருந்து, 2011ல வெளியிட்டாங்க. தேறினது 39 பேர். அந்த 39 பேருக்குத்தான் அது வளர்ந்திருந்துச்சு. ஒரே ரூட்ல தினமும் போற பஸ் டிரைவர்கள்கிட்ட டாக்ஸி டிரைவர்கள் அளவுக்கு அந்தப் பகுதி பெருசா இல்ல.

19.
கிராமத்து ஆட்களுக்கு இன்னொரு நல்ல செய்தி. 38 நாடுகள்ல கிட்டத்தட்ட 4 லட்சம் பேர் ஆடின ஒரு செல்ஃபோன் விளையாட்டை வச்சு 2022ல ஒரு ஆய்வு வந்துச்சு. நகரத்துக்கு வெளிய வளர்ந்தவங்க சராசரியா நல்லா வழி கண்டுபிடிக்கிறாங்க. செஸ் கட்டம் மாதிரி நேர் நேரா தெரு போட்ட ஊர்கள்ல வளர்ந்தவங்க வளைஞ்சு நெளிஞ்ச இடத்துல தடுமாறுறாங்க. வரப்பு, ஓடை, குறுக்குப் பாதை எல்லாம் மூளைக்கு நல்ல பள்ளிக்கூடம்.

அதே சமயம், மேப் சொல்றபடியே நடந்தா ஹிப்போகாம்பஸ் கூடுதலா எந்த வேலையும் பார்க்கிறதில்லன்னு லண்டன் சோஹோ தெருக்களை வச்சு 2017ல காட்டியிருக்காங்க. மேப்பைத் தூக்கி எறியச் சொல்லல. ஆம்புலன்ஸுக்கு அது உயிர் காக்குது. தெரிஞ்ச ஊருக்குள்ளயாவது மூளையை ஓட்ட விடுங்க.

20.
இவ்வளவு நேரம் எலி, ஈ, வவ்வால்னு உங்களை இழுத்துட்டு வந்ததுக்குக் காரணம் இருக்கு.

கோலம் போடுற அந்த எண்டோரைனல் கார்டெக்ஸ் இருக்கே, அல்சைமர் நோய் மூளையின் புறணியில முதல்ல கை வைக்கிற இடங்கள்ல அதுதான் முக்கியமானது. ஜெர்மனியில ஹைக்கோ பிராக், ஈவா பிராக் தம்பதி, இறந்தவங்களோட மூளைகளை வரிசையா பரிசோதிச்சு 1991லயே இதைக் காட்டிட்டாங்க. கிரிட் செல்களே கண்டுபிடிக்கப்படாத காலம் அது. 2015ல இன்னொரு ஆய்வு: அல்சைமர் அபாயம் கூடுதலா இருக்கிற மரபணு கொண்ட இளைஞர்களுக்கே, எந்த அறிகுறியும் இல்லாத வயசுலயே, இந்தக் கோலத்தோட சமிக்ஞை மங்கலா இருந்துச்சு.

ஆக, சில பேருக்குப் பேரு மறக்கிறதுக்கு முன்னாடியே வழி மறக்க ஆரம்பிக்கலாம்.

21.
இந்தியாவுல 60 வயசு தாண்டினவங்கள்ல 7.4 சதவீதம், அதாவது சுமார் 88 லட்சம் பேருக்கு டிமென்ஷியா இருக்கும்னு 2023ல வெளியான தேசிய அளவிலான ஆய்வு கணக்கிட்டிருக்கு. நகரத்தை விட கிராமத்துல அதிகம், ஆண்களை விட பெண்களுக்கு அதிகம்.

ஆனா கிராமத்துல இது வெளிய தெரியுறதே இல்ல. ஏன்? அறுபது வருஷமா ஒரே தெரு. கண்ணைக் கட்டி விட்டாலும் வீடு வந்து சேர்ற பழக்கம். பழைய பாதையைப் பழக்கமே இழுத்துட்டுப் போயிடும். மொலைசனுக்குப் பழைய வீடு அத்துப்படியா இருந்த மாதிரி. தெருவுல புதுசா ஒரு பள்ளம் தோண்டி, சுத்திப் போகச் சொன்னாத்தான் குட்டு உடையும். மகன் வீடுன்னு திருப்பூருக்கோ சென்னைக்கோ கூட்டிட்டுப் போனாத்தான் உடையும். "ஊருல நல்லாத்தான் இருந்தாங்க, இங்க வந்த உடனே இப்படி ஆயிருச்சு"னு பிள்ளைங்க சொல்வாங்க. பல பேருக்கு ஊருலயே ஆரம்பிச்சிருக்கும். மலையும் தெருவும் அதுவரைக்கும் தாங்கிப் பிடிச்சிருக்கும்.

22.
எது சாதாரணம், எது இல்ல?

கண்ணாடியை எங்க வச்சோம்னு தேடுறது வயசுக்குச் சாதாரணம். தெரிஞ்ச தெருவுல நின்னுக்கிட்டு வீடு எந்தப் பக்கம்னு முழிக்கிறது சாதாரணம் இல்ல. தினமும் போற தோட்டத்துக்குப் போயிட்டு வேற ஊர்ப் பாதையில திரும்பினா சாதாரணம் இல்ல. ராத்திரி சொந்த வீட்டுக்குள்ளயே பாத்ரூம் எதுன்னு தேடினாலும் அப்படித்தான்.

"வயசாயிட்டா இப்படித்தான்"னு விட்டுடாதீங்க. "காத்து கருப்பு அடிச்சிருக்கு"னு கயிறு கட்டி முடிச்சுடாதீங்க. திட்டாதீங்க, சிரிக்காதீங்க. ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டு வாங்க.

23.
ஏன் வரச் சொல்றேன்னா, எல்லாமே அல்சைமர் கிடையாது. பி12 சத்துக் குறைவு, தைராய்டு குறைவு, ரத்தத்துல சோடியம் குறையிறது, சர்க்கரை தாழ்ந்து போறது, சிறுநீர்த் தொற்று, தூக்க மாத்திரை, மன அழுத்தம், எப்பவோ கீழ விழுந்து மெதுவா கசிஞ்ச ரத்தக்கட்டி, எதுவா வேணும்னாலும் இருக்கலாம். இதுல நிறைய சரி பண்ணக் கூடியது. நேத்து வரை நல்லா இருந்தவங்க இன்னைக்குத் திடீர்னு குழம்பினா அது அவசரம், அன்னைக்கே வரணும்.

அல்சைமராவே இருந்தாலும் செய்ய வேண்டியது இருக்கு. பிபியையும் சர்க்கரையையும் கட்டுக்குள்ள வைக்கணும். காது கேக்கலன்னா அதையும் பாக்கணும். சட்டைப் பையிலயோ சேலை முந்தியிலயோ பேரும் பிள்ளையோட செல் நம்பரும் எழுதின அட்டை இருக்கணும். டீக்கடை, ஆட்டோ ஸ்டாண்டு, பூக்கடை அக்காகிட்ட ஒரு வார்த்தை சொல்லி வைக்கணும். வீட்டுச் சாமான்களை அடிக்கடி இடம் மாத்தக் கூடாது. நீங்க மாத்துறது பீரோவை இல்ல, அவங்க கட்டிப் போட்டிருக்கிற வெள்ளை அட்டையை. காணாமப் போயிட்டா "தானா வருவாங்க"னு காத்திருக்காம உடனே போலீஸுக்குச் சொல்லணும். முதியோர் உதவி எண் 14567, கட்டணம் கிடையாது.

24.
டோல்மனோட எலியில இருந்து மோசர்களோட கோலம் வரைக்கும் அறுபது வருஷத்துல நாம கத்துக்கிட்டது இதுதான். வழி தெரியுறது என்பது உள்ள இருக்கிற செல்களும் வெளிய அசையாம நிக்கிற அடையாளமும் சேர்ந்து செய்யுற வேலை. உள்ள இருக்கிறது தளர ஆரம்பிச்சா, வெளிய அசையாம நிக்க வேண்டியது நாமதான்.

உங்க வீட்டுப் பெரியவங்களை இந்த வாரம் ஒரு தடவை வெளிய கூட்டிட்டுப் போங்க. வழக்கமான பாதை வேண்டாம், கொஞ்சம் சுத்தி. திரும்பி வரும்போது அவங்களை முன்னாடி நடக்க விட்டு, நீங்க பின்னாடி வாங்க.

தடுமாறினா, என்னை மாதிரி ஒரு டாக்டர் உங்க பக்கத்து அரசு ஆஸ்பத்திரியில ஓபியில உக்காந்திருப்பார். வந்து சொல்லுங்க.


அரசு மருத்துவர், எம்.பி.பி.எஸ்.
வாசுதேவநல்லூர்